வேலையே செய்யாதவங்க பேரை பேப்பர்ல போடச் சொல்றாரு கைடு, எப்படி சமாளிக்கிறது?

நானோகிறுக்கி:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு தனியார் காலேஜ்ல ஃபுல் டைம் பிஎச்டி பண்றேன், மூணாவது வருஷம் ஓடிட்டு இருக்கு. ஜிங்க் ஆக்சைடு பொடி வெச்சு சாயத்தண்ணில இருக்கற கலரை வெளிச்சத்துல உடைக்கிற வேலை. முதல் பேப்பர் எழுதி முடிச்சு சார்கிட்ட குடுத்தேன். சார் கெட்டவர்னு சொல்ல மாட்டேன், கெமிக்கல் வாங்க கைக்காசு போட்டவரு, அதனாலதான் இதை வெளில கேக்கவே ஒரு மாதிரி இருக்கு. டிராஃப்ட்டை திருப்பித் தரும்போது என் பேருக்குக் கீழ பென்சில்ல மூணு பேரு புதுசா எழுதியிருந்தாரு. ஒண்ணு ஹெச்ஓடி, அவரு எங்க லேப் வாசப்படிய மிதிச்சே நான் பாத்ததில்ல. இன்னொண்ணு வேற காலேஜ்ல இருக்கற சாரோட ஃப்ரெண்ட், "அவன் பேப்பர்ல நம்ம பேரைப் போடுவான்மா, உனக்கும் கணக்குல ஒண்ணு ஏறும்"னு சொன்னாரு. மூணாவது பேரு யாருன்னே தெரியல, கேக்கவும் தைரியம் இல்ல.

இது போக இன்னொண்ணு. அதே பொடிய கழுவி கழுவி அஞ்சு தடவ யூஸ் பண்ணி பாத்தோம். மூணு தடவ வரைக்கும் நல்லா இருந்துச்சு, நாலாவதுல இருந்து சரசரன்னு இறங்கிருச்சு. "மூணோட நிறுத்திக்கோ, மீதிய எவன் கேக்கப் போறான்"ங்கறாரு. காப்பி கண்டுபிடிக்கற டிரில்பிட் சாஃப்ட்வேர்ல 8% தான் காட்டுது, அதனால எத்திக்ஸ் எல்லாம் கிளியர்னு அவரு நினைப்பு. நான் தான் ஓவரா யோசிக்கிறேனா?

பழைய ஸ்காலர்:
ஓவரா எல்லாம் யோசிக்கலம்மா. ஆனா நேரா போயி "சார் இது தப்பு"னு மட்டும் நிக்காதீங்க, வேலை நடக்காது. பழியத் தூக்கி ஜர்னல் மேல போட்டுருங்க. இப்ப நிறைய பப்ளிஷர் சப்மிஷன்லயே ஒவ்வொரு ஆத்தரும் என்ன செஞ்சாருன்னு கேக்கறாங்க. கிரெடிட்னு ஒரு முறை இருக்கு, அதுல 14 வகையான பங்களிப்பு போட்டிருப்பாங்க, ஐடியா யாரோடது, எக்ஸ்பெரிமெண்ட் யாரு பண்ணது, அனாலிசிஸ், எழுத்து, காசு ஏற்பாடுன்னு. அந்தப் பட்டியல சார்கிட்ட மெயில்ல அனுப்பி "சார், மூணு பேருக்கும் எதுல எதுல டிக் போடணும்னு சொல்லிட்டீங்கன்னா ஃபில் பண்ணிடறேன்"னு பணிவா கேளுங்க. என் அனுபவத்துல பாதி பேரு இந்த இடத்துலயே கழண்டுடுவாங்க. எல்லா ஆத்தருக்கும் ஜர்னல்ல இருந்து தனித்தனியா மெயில் போகும்னும் சொல்லி வைங்க, அந்த மூணாவது ஆளோட மெயில் ஐடி கேக்கற சாக்குல அவரு யாருன்னும் தெரிஞ்சிரும்.

மெடிக்கல் ஜர்னல்காரங்க வெச்சிருக்கற ஐசிஎம்ஜேஇ விதியும் ஒரு தடவ படிச்சிருங்க. ஆராய்ச்சில உருப்படியான பங்கு இருக்கணும், எழுதறதுலயோ திருத்தறதுலயோ கை இருக்கணும், கடைசி வெர்ஷனை பாத்து ஓகே சொல்லிருக்கணும், நாளைக்கு கேள்வி வந்தா பதில் சொல்லப் பொறுப்பேத்துக்கணும், நாலும் சேர்ந்து இருந்தாதான் ஆத்தர். ஃபண்டு வாங்கிக் குடுத்தது, டிபார்ட்மெண்ட் தலைவரா இருக்கறது இதெல்லாம் மட்டும் போதாது. ஹெச்ஓடி லேப் வசதி செஞ்சு குடுத்தாருன்னா நன்றி பகுதில அழகா ஒரு வரி போடுங்க, பெரும்பாலும் அவருக்கும் அதுவே போதும்.

வைவா வெயிட்டிங்:
சிஸ்டர், மேல சொன்னதெல்லாம் கேக்க நல்லா இருக்கு. நடைமுறைல உங்க சினாப்சிஸ் (தீசிஸ் சுருக்கம்), டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங், ஃபெல்லோஷிப் பில்லு எல்லாத்துலயும் அதே சார் தான் கையெழுத்து போடணும். மூணு பேரு கூட சேந்தா உங்க ஃபர்ஸ்ட் ஆத்தர் பதவி ஒண்ணும் போயிராது. காலேஜுக்கு ரேங்க் வேணும், சாருக்கு புரமோஷனுக்கு எண்ணிக்கை வேணும், உங்களுக்கு டிகிரி வேணும். வைவா முடியற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க, அப்புறம் புரட்சி பண்ணிக்கலாம்.

பழைய ஸ்காலர்:
@வைவா வெயிட்டிங், தம்பி கோபம் புரியுது, ஆனா "ஒண்ணும் போயிராது"ங்கறத மட்டும் ஒத்துக்க மாட்டேன். வைலிங்கற பப்ளிஷர் 2021ல ஹிந்தாவிங்கற இன்னொரு பப்ளிஷரை வாங்கி, 2023ல மட்டும் ஹிந்தாவி ஜர்னல்கள்ல வந்த 8,000க்கு மேல பேப்பரை வாபஸ் வாங்கினாங்க, கடைசில அந்தப் பேரையே தூக்கிட்டாங்க. வாபஸ் நோட்டீஸ் வந்தா லிஸ்ட்ல இருக்கற எல்லா பேரும் தான் அதுல வரும், யாரு கல்வத்துல அரைச்சது யாரு சும்மா பேரு குடுத்ததுன்னு பிரிச்சு போட மாட்டாங்க. இந்தப் பொண்ணு செஞ்சது சுத்தமா இருக்கலாம், ஆனா அந்த ஃப்ரெண்டோட காலேஜ்ல இருந்து வரப்போற பேப்பர்ல இவங்க பேரு இருக்குமே, அந்த டேட்டா எங்க இருந்து வந்துச்சுன்னு இவங்களுக்கு என்ன தெரியும்? எனக்கு இதுல பெரிய பயமே அந்தக் கைமாத்து பேப்பர் தான்.

இன்னொண்ணு, 2022 நவம்பர்ல வந்த யூஜிசி பிஎச்டி விதில தீசிஸ் குடுக்க பேப்பர் போட்டே ஆகணுங்கற கட்டாயத்தையே எடுத்துட்டாங்க. உங்க யுனிவர்சிட்டி தனியா கேக்குதான்னு அவங்க ரெகுலேஷன்ல பாத்துக்கோங்க. கேக்கலைன்னா அந்த "கணக்குல ஒண்ணு ஏறும்"க்கு அர்த்தமே இல்ல.

நூலகத்து எலி:
நான் லைப்ரரில சிமிலாரிட்டி ரிப்போர்ட் எடுத்துத் தர்ற சீட்ல இருக்கறவ, அதனால அந்த 8% பத்தி மட்டும் சொல்றேன். 2018 யூஜிசி விதிப்படி 10% வரைக்கும் தண்டனை இல்ல, 10ல இருந்து 40 வரைக்கும்னா ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் குடுக்கணும், 40 தாண்டினா ஒரு வருஷம் தள்ளிப்போகும், 60க்கு மேலன்னா ரெஜிஸ்ட்ரேஷனே கேன்சல். கைடா இருக்கற ஆசிரியர் மாட்டினாலும் இன்கிரிமெண்ட் நிக்கும், கொஞ்ச வருஷம் புது ஸ்காலரை எடுக்க முடியாது. ஆனா அந்த விதி மொத்தமும் காப்பி பத்தினது. சாஃப்ட்வேருக்கு எழுத்து எங்கயாவது ஒத்துப்போகுதான்னு பாக்கத்தான் தெரியும், கிராஃப்ல ரெண்டு புள்ளி காணாம போனது அதுக்கு எப்படித் தெரியும்? மெத்தட்ஸ் பகுதில எல்லாரும் ஒரே மாதிரி எழுதறதால 20% வந்து பாவம் அழுதுட்டு நின்ன புள்ளைங்களையும் பாத்திருக்கேன், டூல்ல போட்டு வார்த்தைய மாத்தி மாத்தி 4% எடுத்து சிரிச்சிட்டுப் போனவங்களையும் பாத்திருக்கேன். ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸை "கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்"னு எழுதின பேப்பர் எல்லாம் அப்படி வந்ததுதான், இப்ப அந்த மாதிரி வினோத வார்த்தைகளைத் தேடியே ஆளுங்க போலி பேப்பரை பிடிக்கறாங்க.

கோர்ஸ்வொர்க்ல ரிசர்ச் அண்ட் பப்ளிகேஷன் எத்திக்ஸ்னு ரெண்டு கிரெடிட் பேப்பர் படிச்சிருப்பீங்களே, அதுல ஆத்தர்ஷிப்பும் ஃபேப்ரிகேஷனும் (இல்லாத டேட்டாவ உருவாக்கறது) சிலபஸ்லயே இருக்கு. எங்க காலேஜ்ல அதை ஒரு சனிக்கிழமை பிபிடி ஓட்டி முடிச்சிட்டாங்க, அது வேற கதை.

கேட்டலிஸ்ட் காளை:
ஃபீல்டு ஆளு நான், கிராஃப் விஷயத்துக்கு வரேன். நாலாவது சைக்கிள்ல விழுந்ததை மறைக்கறது ஃபால்சிஃபிகேஷன், அதாவது ரிசல்ட்டைத் திரிக்கறது, அதுல ரெண்டு பேச்சே இல்ல. ஆனா சார்கிட்ட அப்படி ஆரம்பிக்காதீங்க, "சார், ஏன் விழுந்துச்சுன்னு கண்டுபிடிச்சா பேப்பருக்கே வெயிட் கூடும்"னு ஆரம்பிங்க. ஜிங்க் ஆக்சைடு வெளிச்சத்துல தண்ணிக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா கரையும், ஃபோட்டோகரோஷன், இந்த ஃபீல்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. ரிவ்யூவர் கொஞ்சம் விவரமானவரா இருந்தா மூணு சைக்கிளோட நிறுத்தினதைப் பாத்ததுமே சந்தேகப்படுவாரு. இல்ல சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி கழுவும்போது பொடி போயிருக்கும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் எவ்வளவு கிராம் திரும்ப வந்துச்சுன்னு நோட்ல எழுதி வெச்சிருக்கீங்களா? இருந்தா முதல்ல அதைப் பாருங்க. எடை அப்படியே இருந்து எஃபிஷியன்ஸி மட்டும் இறங்கியிருந்தா யூஸ் பண்ண பொடிக்கு ஒரு எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பு மாறியிருக்கான்னு எக்ஸ்ரேல பாக்கறது) எடுங்க, மிச்சத் தண்ணில ஜிங்க் எவ்வளவு இருக்குன்னு ஏஏஎஸ்ல (உலோக அளவு காட்டற மெஷின்) பாருங்க.

ரா ஃபைலை எல்லாம், யூவி மெஷின்ல இருந்து வந்தது வந்தபடி, தேதி போட்டு தனி ஃபோல்டர்ல வைங்க. கிராஃப் போடற ஆரிஜின் சாஃப்ட்வேர் ஃபைல் மட்டும் வெச்சிருக்கறது பத்தாது.

நானோகிறுக்கி:
அப்பாடா, நிறைய கிடைச்சிருச்சு, எல்லாருக்கும் நன்றி. பங்களிப்பு பட்டியல சாருக்கு மெயில் போட்டேன். ரெண்டு நாள் பதிலே இல்ல, அப்புறம் கூப்பிட்டு "ஃப்ரெண்டு பேரு வேணாம், ஹெச்ஓடி மட்டும் இருக்கட்டும்"னாரு. அந்த மூணாவது பேரைப் பத்தி அவரும் பேசல நானும் பேசல. ஹெச்ஓடி விஷயத்துல இன்னும் இழுபறிதான், நன்றி பகுதி ஐடியாவ டிசி மீட்டிங் முடிஞ்சதும் எடுக்கலாம்னு இருக்கேன். அஞ்சு சைக்கிளும் போடறதுக்கு ஏஏஎஸ் ரிசல்ட் வந்தா பாக்கலாம்னு அரை மனசா தலையாட்டிட்டாரு. எடை குறிச்சு வெச்சிருந்தேன், பெரிசா குறையல. @கேட்டலிஸ்ட் காளை அண்ணா, தண்ணி சாம்பிளை வெளில அனுப்பணும், எப்படி எடுத்து வைக்கிறது?

கேட்டலிஸ்ட் காளை:
முதல்ல 0.22 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டிருங்க, அப்புறம் தான் நைட்ரிக் ஆசிட் ரெண்டு மூணு சொட்டு. மாத்திப் பண்ணிட்டா மிதக்கற பொடியும் ஆசிட்ல கரைஞ்சு ஜிங்க் எக்கச்சக்கமா காட்டும். கண்ணாடி பாட்டில் வேணாம், பிளாஸ்டிக் போதும். பொடி போடாத வெறும் சாயத்தண்ணி ஒண்ணையும் ஒப்பிட்டுப் பாக்க பிளாங்க்கா சேத்து அனுப்புங்க.