லாகோஸிலிருந்து கோட்டோனு: பெனின் ஈ-விசா போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம்

போன வாரம் புதிதாக லாகோஸ் வந்து இறங்கிய தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, லீவுக்குப் பக்கத்து நாடு பெனின் போகலாம்னு இருக்கேன். என்கூட வேலை பார்க்கிற நைஜீரியாக்காரர் ஐடி கார்டை மட்டும் காட்டிட்டுப் போயிட்டு வர்றார். நமக்கும் செர்பாக் கார்டு போதும்தானே?"

போதாது தம்பி. இதே கேள்வியை மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறீர்கள், அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். அவர் அப்படிப் போவது எக்கோவாஸ் எனப்படும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த நாட்டுக் குடிமகன் என்பதால். 1979-இல் போட்ட ஒப்பந்தம் அது, அந்த நாட்டுக்காரர்கள் 90 நாள் வரை விசா இல்லாமல் போய்வரலாம். செர்பாக் என்பது நைஜீரியாவில் நாம் குடியிருப்பதற்கான அட்டை, அவ்வளவுதான். எல்லையைத் தாண்டினால் நம் கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட் மட்டுமே, அதற்குப் பெனின் விசா வேண்டும். நல்ல வேளை, 2018-இலிருந்து அதை ஆன்லைனிலேயே எடுத்துக்கொள்ளலாம். தூதரக வாசலில் நிற்க வேண்டியதில்லை.

முதலில் எந்த பெனின் என்று தெளிவாக இருங்கள். சிரிக்காதீர்கள். நைஜீரியாவுக்குள்ளேயே ஈடோ மாநிலத்தின் தலைநகர் பெனின் சிட்டி என்று ஒரு பெரிய ஊர் இருக்கிறது. அது வேறு, பெனின் நாடு வேறு. அந்த நாட்டுக்கு 1975 வரை டஹோமி என்றுதான் பெயர். என் நண்பர் ஒருவர் மலிவாகக் கிடைத்தது என்று ஓட்டல் பதிவு செய்துவிட்டு, விசாப் படிவத்தில் தங்குமிட முகவரியை நிரப்பும்போதுதான் பார்த்தார், முகவரியில் "ஈடோ ஸ்டேட்" என்று இருக்கிறது. பணம் திரும்பி வரவில்லை. இங்கே பேச்சில் அந்த நாட்டை "பெனின் ரிபப்ளிக்" என்றோ, அதன் பெரிய நகரத்தின் பெயரால் "கோட்டோனு" என்றோ சொல்வார்கள், நீங்களும் அப்படியே சொல்லிப் பழகுங்கள்.

அடுத்தது இணையதளம். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் ஏஜென்ட்டுகள் நடத்தும் தளங்கள். பார்க்க அரசாங்கத் தளம் மாதிரியே கொடியெல்லாம் போட்டிருப்பார்கள், கட்டணம் மட்டும் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு. அசல் அரசுத் தளத்தின் முகவரி "பிஜே" (bj) என்ற இரண்டு எழுத்தில் முடியும். டாட் காம், டாட் ஓஆர்ஜி என்று முடிந்தால் வெளியே வந்துவிடுங்கள். நான் எடுத்தபோது கட்டணம் இப்படி இருந்தது: 30 நாள் ஒரு முறை நுழைவு 50 யூரோ, 30 நாள் பல முறை நுழைவு 75, 90 நாள் பல முறை நுழைவு 100. பெனின் பணம் சிஎஃப்ஏ ஃபிராங்க், ஒரு யூரோவுக்கு 655.957 ஃபிராங்க் என்பது நிலையான விகிதம், அதனால் 50 யூரோ என்றால் கிட்டத்தட்ட 32,800 ஃபிராங்க். இதைவிட அதிகமாகக் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் கார்டை எடுப்பதற்கு முன்னால் முகவரியை இன்னொரு தடவை பாருங்கள்.

படிவம் சின்னதுதான், அரை மணி நேர வேலை. நம் ஆட்கள் மாட்டுவது பெயரில். பிரெஞ்சில் "நோம்" என்றால் குடும்பப் பெயர், "பிரெநோம்" என்றால் நமக்கு வைத்த பெயர். தளத்துக்கு ஆங்கிலப் பக்கம் உண்டு, ஆனால் அதைத் தேடாமல் பிரெஞ்சுப் பக்கத்தை பிரவுசரின் மொழிபெயர்ப்பில் படித்தால் "நோம்" வெறும் "நேம்" ஆகிவிடும். நாமும் அங்கே முழுப் பெயரையும் அடித்துவிட்டு, அடுத்த கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிடுவோம். நமக்கு ஏற்கெனவே இனிஷியல் குழப்பம் வேறு. பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, பான் கார்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக ஏறியிருக்கும். மற்றதையெல்லாம் மறந்துவிட்டு பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் என்ன இருக்கிறதோ அதை "நோம்" கட்டத்திலும், கிவன் நேம் என்ற இடத்தில் இருப்பதை அடுத்ததிலும் எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். சர்நேம் காலியாக இருக்கிற பாஸ்போர்ட் என்றால் ஊகித்து நிரப்பாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன்னாலேயே பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தோடு தளத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். பதில் வந்தால் அதையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி விஷயம். படிவத்தில் நீங்கள் போடுகிற வருகைத் தேதிக்கு முந்தின நாள் எல்லையில் போய் நிற்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாலையே கிளம்பிவிடலாம் என்று கடைசி நேரத்தில் தோன்றும், விசாவில் சனிக்கிழமை என்று இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே தேதி போடுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் காலம் மீதி இருக்கட்டும்.

பணம் கட்டுகிற இடத்தில்தான் எனக்கு ஒரு முழு இரவு போனது. இங்குள்ள வங்கியின் நைரா கார்டை வைத்து முயன்றேன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்று திருப்பி அனுப்பிவிட்டது. சரி, ஊர் கார்டை எடுப்போம் என்று போட்டேன், அதுவும் போகவில்லை. 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி இந்திய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் ஆன்லைன் பயன்பாடும் நாமே திறந்துவிட்டால்தான் வேலை செய்யும். வங்கி ஆப்பில் போய் இரண்டையும் ஆன் செய்து, தொகை வரம்பையும் ஏற்றினேன். அப்புறம் ஓடிபி. ஊர் சிம் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது, தேடி எடுத்துப் போட்டால் ரோமிங் இல்லை. அதற்கு ரீசார்ஜ் செய்யச் சொல்லி தூத்துக்குடியில் தம்பியை இரவு பன்னிரண்டரைக்கு எழுப்பினேன் (நம்மைவிட ஊர் நாலரை மணி நேரம் முன்னால் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டேன், அங்கே விடியற்காலை ஐந்து. திட்டியது நியாயம்தான்). ஆகவே படிவத்தைத் திறப்பதற்கு முந்தின நாளே கார்டு, சிம், ரோமிங் மூன்றையும் சரிபார்த்து வையுங்கள். மூன்று தடவை தொடர்ந்து முயன்றால் வங்கி கார்டையே முடக்கிவிடும், இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கே டாலர் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு.

எனக்கு இரண்டாம் நாள் மின்னஞ்சலில் பிடிஎஃப் வந்தது. நாளைக்குப் பயணம், இன்றைக்கு விண்ணப்பம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு வாரமாவது கையில் இருக்கட்டும். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். இரண்டு பிரதி அச்செடுங்கள், போனில் இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். எல்லையில் நைஜீரியா சிம்முக்கும் நெட் இருக்காது, பெனின் சிம்மும் இன்னும் வாங்கியிருக்க மாட்டீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் அட்டை நைஜீரியா வரும்போதே எல்லோரும் போட்டிருப்பீர்கள், அதுவே போதும். 2016 ஜூலையிலிருந்து அந்த ஊசி ஆயுளுக்கும் செல்லும், பத்து வருடம் என்று யாராவது சொன்னால் பழைய கதை. பின்னால் குடும்பத்தை அழைத்து வருகிறவர்கள் கவனியுங்கள்: ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். சென்னை என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், நாளும் நேரமும் கேட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாமல் இங்கிருந்து இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் உட்கார வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

இப்போது நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. பெனினுக்குள் போவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள், நைஜீரியாவுக்குத் திரும்பி வருவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. புதிதாக வந்தவர்கள் பலர் எஸ்டிஆர் விசாவில் இருப்பீர்கள், அதாவது வேலைக்கு வந்து இறங்கி செர்பாக் எடுக்கும் வரைக்குமான விசா. அது ஒரு முறை நுழைவு, வந்து இறங்கியபோதே அந்த ஒரு முறை தீர்ந்துவிட்டது. செர்பாக் கைக்கு வருவதற்கு முன்னால் எல்லை தாண்டினால், விசா இல்லாத ஆளாகத்தான் திரும்பி வந்து நிற்பீர்கள். கையில் சாமான் கிடையாது, வீடு லாகோஸில், நீங்கள் கோட்டோனு ஓட்டலில். கற்பனையாகச் சொல்லவில்லை, நம் ஆள் ஒருவர் அப்படிப் பன்னிரண்டு நாள் உட்கார்ந்திருந்தார், கம்பெனி புது விசா எடுத்துத் தரும் வரை. செர்பாக் வந்தவர்களும் மறுநுழைவு அனுமதி சரியாக இருக்கிறதா என்று கம்பெனியில் இமிக்ரேஷன் வேலை பார்ப்பவரிடம் கேளுங்கள். வாய் வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "நோ வகாலா" (ஒரு பிரச்சினையும் இல்லை) என்று தோளைத் தட்டி அனுப்பிவிடுவார்கள், எல்லையில் வகாலா நமக்குத்தான்.

தரை வழியாகப் போனால் லாகோஸில் மைல் டூவில் கிளம்பி, படாக்ரி வழியாக, செமே எல்லை. தூரம் 120 கிலோமீட்டர் அளவுதான், ஆனால் நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள், வழியெல்லாம் சோதனைச்சாவடி. ஷேர் டாக்ஸிக்காரர் "நான் பார்த்துக்கொள்கிறேன், இறங்க வேண்டாம்" என்று சொன்னால் கேட்காதீர்கள். நைஜீரியா வெளியேறும் முத்திரை, பெனின் நுழையும் முத்திரை, இரண்டையும் நீங்களே நின்று வாங்குங்கள். 2018-இலிருந்து செமே-கிராகே எல்லைச் சாவடியில் இரண்டு நாட்டு ஆட்களும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள், அதனால் அலைச்சல் குறைவு. முத்திரை இல்லாமல் உள்ளே போனவர் திரும்பும்போது கொடுத்த பணத்தில் இரண்டு தடவை விமானத்தில் போய் வந்திருக்கலாம். கிளம்புகிற வாரம் செய்தியையும் பார்த்துவிடுங்கள். 2019 ஆகஸ்டில் நைஜீரியா மூடிய தரை எல்லை 2020 டிசம்பரில்தான் திறக்கத் தொடங்கியது.

பின்னூட்டத்தில் நீங்கள் கேட்டிருந்தவற்றுக்கு:

டோகோ பற்றிக் கேட்ட அக்காவுக்கு: லோமே வரை போகலாம், கோட்டோனுவிலிருந்து 150 கிலோமீட்டர்தான். ஆனால் டோகோவுக்குத் தனி ஈ-விசா, அவர்கள் தளத்தில் குறைந்தது ஐந்து நாள் முன்னால் போட வேண்டும். அப்புறம் கணக்குப் பாருங்கள். லாகோஸிலிருந்து கோட்டோனு, அங்கிருந்து லோமே, திரும்பவும் பெனின் வழியாகத்தான் லாகோஸ். பெனினுக்குள் இரண்டு தடவை நுழைகிறீர்கள். 25 யூரோ மிச்சம் என்று ஒரு முறை விசா எடுத்தால் லோமேயிலிருந்து விமானத்தில்தான் வர வேண்டும். 75 யூரோ விசாவே எடுங்கள்.

முந்திரி வியாபாரத்துக்குப் போகிற பண்ருட்டி அண்ணனுக்கு: சுற்றுலா விசாவில் ஊர் பார்க்கலாம், அதை வைத்து வேலையோ கொள்முதலோ செய்யக் கிளம்பாதீர்கள், உங்களை அழைக்கிற கம்பெனியிடம் அழைப்புக் கடிதம் வாங்கி அதற்கான விசாவாகவே கேளுங்கள். இன்னொன்று, 2024 ஏப்ரலிலிருந்து பெனின் ஓடு உடைக்காத கொட்டையை ஏற்றுமதி செய்யவே தடை போட்டிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பேசப் போங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: பெனினையும் அபுஜாவில் இருக்கிற நம் ஹை கமிஷன்தான் பார்த்துக்கொள்கிறது. கோட்டோனுவில் நமக்குத் தூதரகம் இல்லை. ஜெராக்ஸ், போட்டோ, விசாப் பிரதி மூன்றையும் வேறு பையில் வையுங்கள்.

எங்கே போவது என்று கேட்ட தம்பிக்கு: வடக்கே பென்ஜாரி பூங்காவைப் படத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள், அந்தப் பக்கம் ஆயுதக் குழுக்களின் தாக்குதல் இருக்கிறது. தெற்கே இரண்டு மூன்று நாளைக்குத் தாராளமாக இருக்கிறது. உய்தாவில் அடிமைகளைக் கப்பலேற்றிய கடற்கரையும் அங்கே கட்டிய "திரும்பாத வாசலும்" பாருங்கள். இன்னொரு நாள் அபோமே-கலாவியில் படகு பிடித்து கன்வியே போங்கள், ஏரிக்கு நடுவே கால் நட்டுக் கட்டிய வீடுகளாகவே ஓர் ஊர். அடிமை பிடிக்க வந்தவர்களிடமிருந்து தப்பித்து வந்து தண்ணீரில் குடியேறியவர்கள் என்று சொல்கிறார்கள். ஊருக்குள் சுற்ற ஸெமிஜான் என்கிற பைக் டாக்ஸி இருக்கிறது. ஏறுவதற்கு முன்னால் "போன்ஷூர்" சொல்லிவிட்டு விலையைப் பேசுங்கள். வணக்கம் சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அப்புறம் அவர் சொன்னதுதான் விலை.