சிறைப் படங்களில் மாஜிஸ்திரேட் எங்கே?

அரூர், வழக்கறிஞர்:
சிறைப் படம் என்றாலே கொடுமைக்கார ஜெயிலர், இருட்டுக் கொட்டடி, லத்தி. எல்லாப் பழியும் அந்த ஒரு ஆளோடு முடிந்துவிடும். ஆனால் ஒருவரை உள்ளே அனுப்புவது ஜெயிலர் அல்ல, ரிமாண்ட் உத்தரவில், அதாவது காவலில் வைக்கச் சொல்லும் உத்தரவில், மாஜிஸ்திரேட் போடும் கையெழுத்து. கைதானவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்கிறது அரசியல் சட்டப் பிரிவு 22. அடித்தார்களா, எதற்குக் கைது என்று சொன்னார்களா, வீட்டுக்குத் தகவல் போனதா, வக்கீல் உண்டா என்றெல்லாம் அப்போது கேட்க வேண்டும். போலீசைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டால்தான் வாயிலிருந்து பதில் வரும். ராத்திரி நேரத்தில் மாஜிஸ்திரேட் வீட்டில் ஆஜர்படுத்தும்போது இதெல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துபோவதுண்டு. அநியாயம் நுழையும் இடம் அதுதான். அதைக் காட்டாத படம் எவ்வளவு ரத்தம் காட்டினாலும் பாதிக் கதைதான்.

ஓசூர்:
‘விசாரணை’ (2015) காட்டியிருக்கிறதே. குண்டூரில் அடிபட்ட தமிழ்த் தொழிலாளர்கள் சொல்வதை, வேறு வேலையாகக் கோர்ட்டுக்கு வந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர்தான் நீதிபதிக்கு மொழிபெயர்க்கிறார். விடுதலையும் கிடைக்கிறது. அவர்களைக் காப்பாற்றியது சட்டமா, ஒரு அதிகாரியின் நல்ல மனசா? மனசு என்றால் அதற்கு விலையும் உண்டு: அதே அதிகாரி பிறகு அவர்களைத் தன் வேலைக்கு இழுத்துக்கொள்கிறார், அங்கிருந்துதான் அழிவு தொடங்குகிறது. எங்கள் சிப்காட் பக்கம் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் நிறைய. அவர்களில் ஒருவர் கைதானால், இந்தி தெரிந்த போலீஸ்காரரையே மொழிபெயர்க்க விடக்கூடாது. இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் மூலம் வேறு ஆள் கேட்டு வாங்குங்கள், யார் மொழிபெயர்த்தார் என்பதையும் உத்தரவில் எழுத வையுங்கள்.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற சிறைப் பணியாளர்:
சிறை வாசல் காட்சியைப் படங்கள் ஏன் தாண்டிப் போகின்றன என்று எனக்குப் புரிவதில்லை. புதுக் கைதி வந்ததும் சட்டையைக் கழற்றச் சொல்லி உடம்பில் உள்ள காயங்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும், கூட வரும் மருத்துவச் சான்றோடு ஒப்பிட வேண்டும். சான்றில் ‘காயம் இல்லை’ என்றிருந்து முதுகில் தடிப்பு இருந்தால், அதை எழுதாமல் உள்ளே விட்டவர் தலையில்தான் பழி விழும். பயந்துகொண்டு எழுதாமல் விடும் அந்தக் காவலர், வில்லனைவிட ஆழமான பாத்திரம்.

இன்னொன்று, நாயகனை மாதக்கணக்கில் தனிக் கொட்டடியில் போடுவது. தனிமைச் சிறையை நீதிமன்றம்தான் விதிக்க முடியும், ஒரு தடவைக்கு 14 நாள், மொத்தம் 3 மாதம் வரை. சூப்பிரண்டு தன் இஷ்டத்துக்குப் போட முடியாது என்று 1978லேயே சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அரூர், வழக்கறிஞர்:
நாள் கணக்கு ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. ரிமாண்ட் ஆன நாளும் கணக்கில் சேரும். ஆனால் மனுப் போட வேண்டும். மனுவுக்கு முன்னால் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போச்சு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர் இழப்பது இங்கேதான். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தார் இல்லாமல் 7 நாளுக்கு மேல் உள்ளே இருந்தால், சூப்பிரண்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குடும்பத்தார் இதைக் கேட்டு நிற்கலாம்.

தருமபுரி:
நம் வட்டாரத்தில் உட்கார்ந்து இதைப் பேசும்போது பழங்குடி கிராமமான வாச்சாத்தியை விட்டுவிட முடியாது. 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை தேடல் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் புகுந்தன. 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அந்தப் பெண்களோடு ஊராரையும் பிடித்துச் சேலம் சிறையில் அடைத்தார்கள். அப்படியானால் மேலே சொன்ன ரிமாண்ட், சிறை வாசல் எல்லாவற்றையும் தாண்டித்தானே அந்தப் பெண்கள் உள்ளே போயிருக்கிறார்கள்? 269 பேர் மீது வழக்கு, தீர்ப்புக்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் சொன்னது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் தரச் சொன்னதோடு, அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. களத்தில் இறங்கியவர்களை மட்டும் தண்டித்துவிட்டு எழுந்து போகும் சிறைப் படங்கள், அந்த மூன்று நாற்காலிகள் வரைக்கும் கேமராவைக் கொண்டுபோவதே இல்லை.