மிஸ்ட்: சேனல்வுட்டில் இரண்டாவது லிஃப்டுக்குத் தண்ணீர் வரவில்லை, உதவி தேவை

அரசலாற்றங்கரை:
வணக்கம். ஊர் கும்பகோணம் பக்கம். 1998-இல் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில் தொடங்கி, முடிக்காமலே விட்ட கம்ப்யூட்டர் புதிர் விளையாட்டு இது. மிஸ்ட் என்ற தீவிலிருந்து வேறு வேறு உலகங்களுக்குப் போய்ப் புதிர்களை விடுவிக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா சிடி கொடுத்தார், வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. டைப்ரைட்டிங் வகுப்புக்கு மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அங்கே சிடி டிரைவ் உள்ள ஒரே மெஷினில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளையாடினேன். அந்தத் தீவின் நூலகத்தில் இருக்கும் குறிப்பேடுகள் எல்லாம் கூட்டெழுத்து ஆங்கிலம். தமிழ் மீடியம் பையனுக்கு அதைப் படிப்பதே தனிப் புதிர். கையில் காசு தீர்ந்தது, பதினொன்றாம் வகுப்பும் ஆரம்பித்துவிட்டது. அத்தோடு விட்டுவிட்டேன்.

போன மாதம் அதன் மறுபதிப்பான மாஸ்டர்பீஸ் எடிஷனை லேப்டாப்பில் போட்டேன். மெக்கானிக்கல், ஸ்டோன்ஷிப் என்ற இரண்டு உலகங்களையும் முடித்தாயிற்று. மெக்கானிக்கலில் அந்தச் சுழலும் கோட்டையை எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறேன் என்று தெரியாமல், ஒவ்வொரு தடவையும் வெளியே போய் எட்டிப் பார்த்துத்தான் முடித்தேன். சேனல்வுட் உலகத்துக்குப் போகும் மரமும் லேசில் சிக்கவில்லை. பாய்லரை அணைத்துவிட்டு ஓடிப்போய், இறங்கிக்கொண்டிருக்கும் மரத்துக்குள் ஏற நாலு தடவை ஆனது.

இப்போது சேனல்வுட். சரியாக 1998-இல் நின்ற அதே இடம். காற்றாலைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். பாதைகள் பிரியும் இடங்களில் இருக்கும் கைப்பிடிகளைத் திருப்பி, முதல் லிஃப்டுக்குத் தண்ணீர் விட்டேன். அது மேலே போனது. மேலே மரவீடுகள், கதையில் வரும் இரண்டு சகோதரர்களில் ஒருவனான அக்கினாரின் அறை எல்லாம் பார்த்தாயிற்று. அங்கேயே இன்னும் உயரத்துக்குப் போகிற இன்னொரு லிஃப்ட் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் இல்லை. சரி என்று கீழே வந்து, தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பினேன். இப்போது முதல் லிஃப்ட் செத்துவிட்டது, மேலே போகவே வழியில்லை. பக்கத்தில் ஒரு சுழல் படிக்கட்டு தெரிகிறது, அதன் கதவு பூட்டியிருக்கிறது. மூன்று நாளாக இதே கதை.

முழு விடையும் வேண்டாம். எதைக் கவனிக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

மோர்க்களி:
யூடியூபில் பத்து நிமிஷத்தில் முழுசாக முடிக்கிற வீடியோ இருக்குமே அண்ணே.

அரசலாற்றங்கரை:
இருக்கும் தம்பி. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு வீடியோ பார்த்து முடிக்க மனசு வரவில்லை.

பழையசிடி:
இது மென்பொருள் கோளாறு போலத் தெரிகிறது. பழைய விளையாட்டுகள் புது விண்டோஸில் இப்படித்தான் படுத்தும். பழைய விளையாட்டுகளை ஓட்டுகிற ஸ்கம்விஎம் மென்பொருள் வழியாக ஓட்டிப் பாருங்கள். மிஸ்ட் அதில் ஓடும்.

டிகிரிகாபி:
ஸ்கம்விஎம்மில் ஓடும் என்பது சரி. ஆனால் இது கோளாறு இல்லை. ஒரு லிஃப்டுக்குத் தண்ணீர் போனால் இன்னொன்று நிற்கத்தான் செய்யும், புதிரே அதுதான். மிஸ்டில் ‘பக்’ என்று நினைத்து நான் விட்ட இடங்கள் எல்லாமே கடைசியில் என் பக்கத்துப் பிழையாகத்தான் இருந்தன.

வந்ததற்கு ஒரு பழங்கதை. மில்லர் சகோதரர்கள் இருவர், ராண்ட், ராபின், 1993-இல் மேக்கில் ஹைப்பர்கார்ட் என்ற மென்பொருளை வைத்துச் செய்தது இது. கிட்டத்தட்ட ஒரு ஸ்லைடு ஷோ. சுமார் 2,500 அசையாப் படங்கள், நடுநடுவே துண்டு வீடியோக்கள். அடுத்த வருஷம் விண்டோஸுக்கு வந்தது. 2002-இல் தி சிம்ஸ் முந்தும் வரை கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் அதிகம் விற்றது இதுதான். சிடி டிரைவ் வாங்குவதற்கே இதைக் காரணமாகச் சொன்னவர்கள் உண்டு. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மன்னிக்கவும்.

கடைமடைக்காரன்:
திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து. தண்ணீர் வரவில்லை என்று தலைப்பைப் பார்த்ததும் நம்ம ஊர்ப் பிரச்சினை என்று நினைத்து உள்ளே வந்தேன்!

நீங்கள் செய்த தப்பு சின்னது. மேலே இருந்தபோது அவசரப்பட்டுக் கீழே வந்துவிட்டீர்கள். முதல் லிஃப்டுக்கே மறுபடி தண்ணீரைத் திருப்புங்கள். மேலே போங்கள். லிஃப்டை மறந்துவிட்டு, அந்தத் தளத்தில் இருக்கும் குடில்களை ஒன்று விடாமல் பாருங்கள். சுவரோரமாக ஒரு நெம்புகோல் இருக்கும். அது எதைத் திறக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் திறந்த பிறகு முதல் லிஃப்ட் உங்களுக்குத் தேவையே இல்லை.

முறைப்பாசனம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். காவிரிக்கு விடுகிற முறையில் வெண்ணாற்றுக்காரன் கோபித்துக்கொண்டு பயனில்லை. அவன் முறை வருவதற்குள் செய்ய வேண்டிய வேலையை முடித்து வைத்திருக்க வேண்டும்.

அரசலாற்றங்கரை:
அண்ணே, கிடைத்துவிட்டது! நெம்புகோலை இழுத்துவிட்டுப் படிக்கட்டு வழியாகக் கீழே வந்தேன், கதவு திறந்திருக்கிறது. மூன்று தடவை அந்தக் குடிலைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

இப்போது அடுத்த சிக்கல். தண்ணீரை இரண்டாவது லிஃப்ட் பக்கம் திருப்பிவிட்டுப் படிக்கட்டில் ஏறிப் போனேன். அது அசையவில்லை. கைப்பிடிகளை எல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒரு கைப்பிடி இடது பக்கம் காட்டினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்றே புரியவில்லை. திரும்பி நின்று பார்த்தால் அதுவே வலது பக்கம் காட்டுகிறது.

டிகிரிகாபி:
ஜிப் மோட் போட்டிருக்கிறீர்களா? மின்னல் வடிவத்தில் கர்சர் வந்தால் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஏற்கெனவே போன இடங்களுக்கு ஒரே தாவாகக் கொண்டுபோய் விடும். நடை மிச்சம்தான், ஆனால் நடுவில் இருக்கும் கிளைகளையும் தாவிவிடும். அதை அணையுங்கள். இன்னொன்று, இந்த விளையாட்டில் ஓரத்தில் கிளிக் செய்தால் சில இடத்தில் கால் வட்டம் திரும்பும், சில இடத்தில் அரை வட்டம். எத்தனை வருஷம் ஆனாலும் எனக்கு இதில் எரிச்சல் தீரவில்லை. அதனால் வரைபடம் போடும்போது எப்போதும் காற்றாலைக்கு முதுகைக் காட்டி நின்று இடது, வலது என்று குறியுங்கள்.

கடைமடைக்காரன்:
வரைபடமே வேண்டாம். காற்றாலையிலிருந்து குழாயோடு நடந்து வாருங்கள். தண்ணீர் ஓடுகிற குழாயில் சலசலப்பு கேட்கும். கிளைக்குக் கிளை நின்று, எந்தப் பக்கம் சத்தம் தொடர்கிறது என்று பாருங்கள். சத்தம் நிற்கிற இடத்துக்கு முந்தைய கைப்பிடிதான் குற்றவாளி.

அரசலாற்றங்கரை:
என்ன சத்தம் அண்ணே?

கடைமடைக்காரன்:
தண்ணீர்ச் சத்தம். குழாய்க்குள். கேட்கவில்லையா?

அரசலாற்றங்கரை:
சத்தத்தை அணைத்து வைத்துத்தான் விளையாடுகிறேன். இரவு பத்து மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கும், குழந்தை பக்கத்தில் தூங்குவாள். பழைய விளையாட்டுத்தானே, சத்தம் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

இப்போது யோசித்தால், 1998-லும் சத்தம் கிடையாது. அந்த சென்டரில் ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. பையன்கள் பாட்டுப் போட்டுக் கூட்டம் சேர்க்கிறார்கள் என்று ஓனர் ஒயரைக் கழற்றி மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தார். கீழே நாற்பது டைப்ரைட்டர் ஒரே நேரத்தில் தட்டுகிற சத்தம் மட்டும்தான் எனக்கு மிஸ்டின் பின்னணி இசை.

டிகிரிகாபி:
சத்தமில்லாமல் மிஸ்டா! உப்பில்லாமல் சாப்பிட்டால்கூட வயிறு நிறையும் சார், இதில் அதுவும் நடக்காது.

வீணைவீடு:
சிரிக்காதீர்கள், எத்தனையோ பேர் இப்படித்தான் விளையாடியிருப்பார்கள். தம்பி, பழைய இயர்போன் ஒன்று மாட்டிக்கொண்டால் போதும், குழந்தை எழுந்திருக்காது.

அரசலாற்றங்கரை:
இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா, அண்ணே, எல்லோருக்கும் நன்றி. கால் மணி நேரத்தில் முடிந்தது. காற்றாலையிலிருந்து மூன்றாவது கிளையில் தண்ணீர் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டர் பலகை சரியாக இறங்கிவிட்டதா என்று இரவில் டார்ச் அடித்துப் பார்க்க மாட்டார். மதகுச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நிற்பார், ‘இன்னும் நாலு விரல் இருக்கு’ என்பார். அவருடன் சைக்கிளில் எத்தனை இரவு போயிருக்கிறேன். இன்றைக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து கைப்பிடி இடமா வலமா என்று நோட்டில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறேன். அவரிடம் சொன்னேன். ‘தண்ணிய பாக்காத, கேளு’ என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேல்தளத்தில் இன்னொரு சகோதரன் சிர்ரஸின் அறையில் சிவப்புத் தாள் கிடைத்தது (உலகத்துக்கு ஒரு சிவப்பு, ஒரு நீலத் தாள் தேட வேண்டும்). பாதியாகக் கிழிந்த ஒரு கடிதமும் இருந்தது, எழுதி வைத்துக்கொண்டேன். இப்போது மிஸ்ட் தீவுக்குத் திரும்புகிற புத்தகத்தைக் காணோம். தண்ணீருக்கு அடியில் ஒரு பாலம் மாதிரி ஏதோ கிடக்கிறது.

கடைமடைக்காரன்:
அந்தப் பாலத்துக்குத் தண்ணீர் விடுங்கள், நெம்புகோல் இருக்கும், எழும்பும். அக்கரைக்குப் போனால் இன்னொரு லிஃப்ட். அதற்கு வருகிற குழாய் நடுவில் அறுந்து நிற்கும். எங்கள் ஊரில் ஆறு மாதிரிதான்: மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்தார்கள் என்று செய்தி வரும், கல்லணையில் பூத்தூவி விடுவார்கள், எங்களிடம் வந்து சேர்வதற்குள் நடுவில் எங்கேயோ வாய்க்கால் இருக்காது. நல்லவேளை, இங்கே ஒரு கைச்சக்கரம் வைத்திருக்கிறார்கள். சுற்றினால் குழாய் நீண்டு இடைவெளியை மூடும். பிறகு திரும்பி வந்து தண்ணீரை அந்தப் பக்கம் மாற்றிவிட்டுப் போங்கள்.

அரசலாற்றங்கரை:
நீட்டியாயிற்று, மாற்றியாயிற்று, மேலே போயாயிற்று. மிஸ்ட் தீவில் நிற்கிறேன். 1998-இல் மூடிய நோட்டைத் தேடிப் பார்த்தேன், அது எப்போதோ பழைய பேப்பர்க்காரரிடம் போயிருக்கிறது.

பாக்கி இருப்பது செலினிட்டிக் என்ற உலகம் ஒன்றுதான். ராக்கெட்டுக்குள் பியானோ மாதிரி ஒன்று இருக்கிறது. அதில் வாசிக்கிற சுரத்துக்கு நகர்த்துகோல்களைச் சரியாக வைக்க வேண்டுமாம். எனக்கு சங்கீத ஞானம் சுத்தமாகக் கிடையாது. திருவையாறு ஆராதனைக்குப் போனாலும் வாசலில் கடலை வாங்கித் தின்றுவிட்டு வருகிற ஆள் நான்.

வீணைவீடு:
ஞானம் வேண்டாம் தம்பி. நான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவள், என் கணவர் உங்களைப் போலத்தான், அவரும் செய்துவிட்டார். எந்த ஐந்து சுரம் என்பது நூலகத்துக் குறிப்பேட்டில் இருக்கிறது. பியானோவில் ஒரு கட்டையைத் தட்டுங்கள், உடனே அந்தப் பக்கம் போய் முதல் கோலை நகர்த்துங்கள். நடுவில் யாரிடமும் பேசாதீர்கள், அதுதான் முக்கியம். பேசினால் சுருதி நினைவிலிருந்து போய்விடும். தட்டிய சுரத்தை வாயில் முனகிக்கொண்டே நடந்தால் இன்னும் நல்லது. நகர்த்துகோலில் அரை அளவு மேலே போனால்கூடக் காது சொல்லிவிடும்.

அரசலாற்றங்கரை:
அக்கா, முனகிக்கொண்டே செய்தேன், மனைவி எழுந்து வந்து என்ன என்று கேட்டாள், ஆனால் திறந்துவிட்டது. உள்ளே போய் ஐந்து இடத்துச் சத்தங்களையும் பிடித்து, பூட்டிய கதவையும் திறந்தாயிற்று. இப்போது பூமிக்கு அடியில் ஒரு ரயில் வண்டி. எந்தப் பக்கம் திருப்பினாலும் சுவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சத்தம் வருகிறது, டிங் என்று ஒன்று, வேறு மாதிரி ஒன்று. அது எதைச் சொல்கிறது?

டிகிரிகாபி:
திசையைச் சொல்கிறது. வடக்குக்கு ஒரு சத்தம், தெற்குக்கு ஒரு சத்தம். இரண்டும் சேர்ந்து வந்தால் மூலைத் திசை.

அரசலாற்றங்கரை:
எந்தச் சத்தம் எந்தத் திசை என்று எப்படித் தெரியும்? அதை எங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள்?

கடைமடைக்காரன்:
மெக்கானிக்கலில், அந்தச் சுழலும் கோட்டையில். ஒவ்வொரு திசையில் நிற்கும்போதும் அது ஒரு சத்தம் போடும்.

அரசலாற்றங்கரை:
நான் வெளியே போய் எட்டிப் பார்த்தே முடித்த கோட்டையா?

கடைமடைக்காரன்:
அதேதான். அங்கே நீலத் தாளை எடுத்தீர்களா, சிவப்பா?

அரசலாற்றங்கரை:
சிவப்பு. ஒரு நேரத்தில் ஒன்றுதானே கையில் வரும்.

கடைமடைக்காரன்:
அப்போது நீலத்துக்காக எப்படியும் இன்னொரு தடவை போகத்தான் வேண்டும். இயர்போனை மறக்காதீர்கள்.