கறுத்த வண்டு, நீட்டு மீசை. மேப்பிளைத் தறிக்கோணுமோ? அவசரம்!

வன்னிப்பெடியன்: டெக்கில ஒரு பெரிய கறுத்த வண்டு, மேல வெள்ளைப் புள்ளியள். மீசை உடம்பைவிட நீளம். பக்கத்து வீட்டுக்காரர் மரத்தைத் துளைச்சுக் கொல்லுற ஆசிய வண்டாம், மேப்பிள் மரம் போச்சாம் எண்டுறார். மருந்து ஏதும் இருக்கோ? கெதியாச் சொல்லுங்கோ.

மார்க்கம்_மாமி: படம் எங்கை தம்பி? எந்தப் பக்கம் இருக்கிறியள்?

பனங்காய்: அதேதான்! 2003இல டொராண்டோவுக்கும் வோன் (Vaughan) நகருக்கும் எல்லையில பிடிபட்டு, ஆயிரக்கணக்கில மரம் தறிச்சவங்கள். மரத்தை மறந்திடுங்கோ.

பூச்சிப்பித்தன்: ஒவ்வொரு கோடைக்கும் இதே கேள்வி, பழைய இழையைத் தேடிப் பாக்க ஒருத்தருக்கும் பஞ்சி. செட்டை ரெண்டும் தொடங்கிற இடத்தில, நடுவில, வெள்ளைப் பொட்டு இருக்கோ? ஆசிய வண்டுக்கு அந்த இடம் கறுப்பு, முதுகும் பொலிஷ் போட்ட சப்பாத்து மாதிரி மினுங்கும். 2013இல மிசிசாகாவில திரும்பக் கண்டதையும் 2020இல ஒழிச்சாச்செண்டு அறிவிச்சிட்டாங்கள். பனங்காய் இன்னும் பழைய பேப்பர்தான் வாசிக்கிறார்.

வன்னிப்பெடியன்: பொட்டு இருக்கு. மினுக்கம் இல்லை. ஆனா மீசையில வெள்ளை வளையமும் இருக்கே?

பூச்சிப்பித்தன்: பெட்டைக்கு அப்பிடி இருக்கும். இது வைட் ஸ்பாட்டட் சோயர் எண்ட வேற வண்டு. மேப்பிளைத் தொடாது. பைன், ஸ்புரூஸ், ஃபிர் மாதிரி ஊசியிலை மரந்தான் வேணும். அதுவும் சாகக்கிடக்கிற மரம், இல்லாட்டிப் புதுசாத் தறிச்சது. விறகு ஏதும் இறக்கினீங்களோ?

வன்னிப்பெடியன்: ஓம், மஸ்கோகாவில இருந்து ஸ்புரூஸ் குத்தி. கராஜ் ஓரம் அடுக்கிக் கிடக்கு. இரவில கறுக் கறுக்கெண்டு சத்தம், எலியெண்டு பொறி வச்சனான்.

மார்க்கம்_மாமி: அட, உதை முதலே சொல்லியிருக்கலாமே!

பூச்சிப்பித்தன்: எலியில்லை, புழு. முதல் பட்டைக்குக் கீழ தின்னும், பிறகு உள்ளுக்குத் துளைக்கும். பட்டையை உரிச்சுப் பாருங்கோ, நார்நாரா மரத்தூள் கொட்டும். வண்டாக வர ஒண்டு ரெண்டு வருசம் பிடிக்கும். வீட்டில காய்ஞ்ச பலகையில முட்டையிடாது. விறகை எரிச்சு முடியுங்கோ, இனிமேல் ஊர்விட்டு ஊர் விறகு ஏத்தாதேங்கோ.

பனங்காய்: ஸ்புரூஸை வீட்டுக்குள்ள எரிக்கிறதோ? சிம்னியில தார் பிடிச்சு வீடு பத்தும்.

மார்க்கம்_மாமி: தார் பிடிக்கிறது ஈர விறகால, பிசினால இல்லை. நாங்கள் பைன்தான் எரிக்கிறம்.

பனங்காய்: சிம்னியைக் கடைசியா எப்ப கூட்டினீங்கள்?

மார்க்கம்_மாமி: அது உங்களுக்கு எதுக்கு?

வன்னிப்பெடியன்: உரிச்சன். வெள்ளைப் புழு, கை வைக்கேல்லாமல் தூள். வண்டு விரலைக் கடிச்சிட்டுது. மேப்பிள் நிக்கட்டும். நன்றி அண்ணை.

பனங்காய்: மாமி, சிம்னி?