வெள்ளவத்தையில் விஆர் கடை போட்டால் ஓடுமா?

நிரோ:
நானும் மச்சானும் சேர்ந்து காலி வீதியில் சின்னக் கடையொன்று எடுத்து, நான்கு குவெஸ்ட் 3 ஹெட்செட் (தலையில் மாட்டினால் விளையாட்டு உலகத்துக்குள்ளேயே நிற்பதுபோலத் தெரிகிற விஆர், அதாவது மெய்நிகர் கருவி) வைத்து, அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று நடத்த யோசிக்கிறோம். போன கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு பிறந்தநாளுக்கு என்னுடையதைக் கொண்டுபோனேன். பெடியன்கள் முதல் சித்தப்பாமார் வரை வரிசையில் நின்றார்கள். கடைக்கு முற்பணம் கேட்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடற்கரைவாசி:
தம்பி, பிறந்தநாள் வீட்டில் காசு கேட்கவில்லை, அதனால் வரிசை நின்றது. நான் ஒரு மோலில் இரண்டு ஹெட்செட் வைத்து நடத்தியவன். முதல் மாதம் நல்ல கூட்டம். மூன்றாம் மாதம் வாடகைக்கே காணவில்லை. ஒருமுறை போட்டுப் பார்த்தவர் "பார்த்தாச்சு" என்று போய்விடுவார், திரும்ப வரமாட்டார்.

அப்புறம் நம்முடைய புழுக்கம். ஒருவர் கழற்றும்போது முகத்தில் அழுத்துகிற நுரைப்பஞ்சு ஊறிப்போயிருக்கும். அதைத் துடைத்து, லென்ஸில் படிந்த ஆவி போக ஃபேனுக்கு முன்னால் பிடித்து, அடுத்தவர் தலையில் மாட்டி வார் இறுக்கிவிட ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள். ஈரப் பஞ்சைக் கண்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன தாய்மார் எத்தனை பேர்!

பெரிய கம்பனிகளின் நிலையும் இதுதான். பேஸ்புக் 2014இல் விஆர் ஹெட்செட் செய்த ஒக்கியுலஸ் கம்பனியை ஏறத்தாழ 200 கோடி டொலருக்கு வாங்கியது. பத்து வருடம் கழித்து, 2024இல், மெட்டாவின் (பேஸ்புக் கம்பனியின் புதுப் பெயர்) விஆர் வேலையைப் பார்க்கிற ரியாலிட்டி லேப்ஸ் பிரிவுக்கு 1,770 கோடி டொலர் நட்டம். ஒரே வருடத்தில்.

ஷாமி:
அண்ணா, அந்த நட்டத்தை கேமின் தலையில் போடாதீர்கள். அந்தப் பிரிவு ஸ்மார்ட் கண்ணாடி, ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் செலவழிக்கிறது. கேமை மட்டும் எடுங்கள். பீட் சேபர், பிராக் நகரத்தில் ஒரு சின்னக் குழு செய்தது. 2022க்குள் குவெஸ்டில் மட்டும் 25 கோடி டொலருக்கு மேல் வசூல். கொரில்லா டாக், ஒருவர் தனியாகத் தொடங்கியது. கால் இல்லாத குரங்காகி, கையால் தரையை உந்தி ஓடிப் பிடிக்கிற விளையாட்டு, அவ்வளவுதான். 2024இல் 10 கோடி டொலரைத் தாண்டிவிட்டது.

"பார்த்தாச்சு" என்று போவது உங்களிடம் வந்தவர்களின் கதை. நான் மூன்று வருடமாக விளையாடுகிறேன். விடிய ஐந்தரைக்குச் சாப்பாட்டு மேசையைச் சுவரோடு தள்ளினால் எங்கள் ஃப்ளாட்டின் ஹோலில் இரண்டு மீட்டர் சதுரம் கிடைக்கும், அது போதும். பீட் சேபரில் கட்டைகள் பாட்டின் தாளத்துக்குப் பறந்து வரும், இரண்டு கையாலும் வெட்டவேண்டும். கடினமான பாட்டொன்றை ஒன்றுகூடத் தவறவிடாமல் முடிக்கும்போது தோளெல்லாம் எரியும், சட்டையைப் பிழியலாம். நடக்கவே பஞ்சிப்பட்டவள் நான்!

ரங்கா:
எனக்குப் பத்து நிமிடத்தில் வயிற்றைப் புரட்டியது. கடுகண்ணாவ வளைவுகளில் பஸ்ஸுக்குள் பத்திரிகை வாசித்த மாதிரி.

ஷாமி:
அது உண்மைதான், ரங்கா. பஸ்ஸில் கண் பத்திரிகையில் நிற்க, உட்காது ஆட்டத்தை உணரும். விஆரில் அதன் மறுபக்கம்: கண் நடக்கிறேன் என்கிறது, உட்காது நிற்கிறேன் என்கிறது. கையில் பிடிக்கிற கருவியிலுள்ள குச்சியைத் தள்ளி ஓடுகிற கேமில் எனக்கும் வரும். நின்ற இடத்தில் உடம்பு அசைகிற கேமில் தொடங்குங்கள். வயிறு புரளத் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள், சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

கடற்கரைவாசி:
தங்கச்சி, நீங்கள் சொந்தமாக வாங்கியவர், அதனால் பயன் கிடைக்கிறது. குவெஸ்ட் 3 வெளிவந்த விலை 500 டொலர். டொலரை 300 ரூபா என்று பிடித்தாலே ஒன்றரை லட்சம், வரி வேறு. எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டில் அந்தக் காசை விளையாட்டுக்கு எடுத்து வைப்பார்கள்? சோனியும் 2023இல் 550 டொலருக்கு விட்ட பிளேஸ்டேஷன் விஆர் 2 ஹெட்செட்டை 2025இல் 400க்கு இறக்கியது. விஆர் கேம் செய்த தன் லண்டன் ஸ்டூடியோவையும் மூடிவிட்டது. ஹாஃப் லைஃப் அலிக்ஸ் என்ற பெரிய விஆர் கேம் 2020இல் வந்தது. அந்த அளவுக்குப் பெரிய கேம் அதற்குப் பிறகு எத்தனை வந்தது? விரல்விட்டு எண்ணலாம்.

ஷாமி:
விலையை ஒத்துக்கொள்கிறேன். நானும் சீட்டுக் காசில்தான் வாங்கினேன். ஆனால் விற்பனை குறைவு என்பதும் விளையாடத் தகுதியில்லை என்பதும் ஒன்றல்ல. நிரோ தம்பி, கடை எடுக்காதீர்கள். பிறந்தநாள், கல்யாண வீடு என்று ஹெட்செட்டைக் கொண்டுபோய் வாடகைக்கு வையுங்கள். அங்கே ஒருமுறை பார்க்கிறவரே போதும், ஒவ்வொரு கிழமையும் புது ஆட்கள்.

நிரோ:
முற்பணத்தை நிறுத்திவிட்டேன். மச்சானுக்குக் கோபம். இரண்டு ஹெட்செட்டோடு தொடங்கலாமா?

கடற்கரைவாசி:
ஒன்றோடு தொடங்குங்கள். அதுவும் ஓடும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் பஞ்சைக் கழற்றிவிட்டு சிலிக்கன் உறை போடுங்கள், ஒரு துடைப்பில் காய்ந்துவிடும். என்னிடம் புதிதாக இரண்டு கிடக்கிறது, அளவு சரியென்றால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.