சர்வீஸ் பண்ணின ஹெச்எம்டி ஜனதா வாட்ச் மணிக்கு நாலு நிமிஷம் முந்துது, என்ன தப்பு பண்ணினேன்?

பாம்பன் டீசல்:
நமக்குத் தொழில் நாட்டுப்படகு எஞ்சின் வேலை. ஸ்பேனர் பிடிச்சுக் காய்ச்ச கை. இந்தக் கச்சான் காத்துல பத்து நாளா படகு எதுவும் இறங்கல. சும்மா உட்கார முடியாம அப்பாவோட ஜனதாவைத் திறந்துட்டேன். 1978-ல வாங்கினது, சாவி கொடுக்கிறது, பதினேழு கல். அதைக் கட்டிக்கிட்டேதான் தென்கடலுக்குப் போவார். பின்மூடி ஓரமெல்லாம் பச்சையா களிம்பு பூத்துக் கிடந்துச்சு.

கையில இருக்கிறது 0.8, 1.2, 1.6 மில்லி ஸ்க்ரூடிரைவர் மூணு, ட்வீசர் ரெண்டு, கண்ணுல இடுக்கிக்கிற பத்து மடங்கு லென்ஸ். மேசை வீட்டுக்காரியோட தையல் மிஷின் மேசை. ஸ்பிரிங் பின்னாடி சுத்தாம பிடிக்கிற க்ளிக்கைத் தள்ளி, கிரவுனை விரல்ல பிடிச்சு மெயின் ஸ்பிரிங் இறுக்கத்தை மெதுவா இறக்கிட்டுத்தான் கழட்டினேன், அந்தப் புத்தி இருந்துச்சு. திருகு உருண்டு ஓடாம இருக்க, பட்டறையில செய்யிற மாதிரியே பழைய ஸ்பீக்கர் காந்தத்து மேல வச்சுக்கிட்டேன். பேலன்ஸ், அதான் முன்னும் பின்னும் ஆடுற சக்கரம், அதோட கல்லு மேல அதிர்ச்சி தாங்க இருக்கிற ஷாக் ஸ்பிரிங் ஒண்ணு டிக்குனு பறந்துருச்சு. ரெண்டு நாள் கழிச்சு பட்டன் டப்பாவுக்குள்ள கிடைச்சது, எப்படிப் போச்சுன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

வெள்ளை பெட்ரோல்ல கழுவி, தையல் மிஷின் எண்ணெய் விட்டு மாட்டினேன். உடனே ஓடிருச்சு. ஆனா மணிக்கு நாலு நிமிஷம் முந்துது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டர் கையைக் கடைசி வரைக்கும் தள்ளியாச்சு, ஒண்ணும் மசியல.

அரண்மனை வாசல்:
அண்ணே, தையல் மிஷின் எண்ணெயா! அது பரவி ஓடும், நின்ன இடத்துல நிக்காது. பேலன்ஸை ஆட்டுற ஹேர் ஸ்பிரிங்ல ஒரு பொட்டு பட்டாலும் சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், வாட்ச் முந்தும். பேலன்ஸைத் தனியா எடுத்து வெள்ளை பெட்ரோல்ல முக்கி உலரவிட்டுப் பாருங்க. பேலன்ஸ் கல்லுக்கு மோபியஸ் 9010-ங்கிற வாட்ச் எண்ணெய் ஊசிமுனை அளவு போதும். பல்சக்கரத்தைத் தடுத்துத் தடுத்து விடுற பேலட் ஃபோர்க்கோட அச்சு முனையில எண்ணெயே வேண்டாம். அதோட கல்லு அரக்குல ஒட்டினது, ஆல்கஹால்ல ஊறப் போட்டுராதீங்க, கழண்டு வந்துரும்.

ஷாக் ஸ்பிரிங் திரும்பக் கிடைச்சது உங்க அதிர்ஷ்டம். ஹெச்எம்டி வாட்ச் தயாரிப்பு 1961-ல ஜப்பான் சிட்டிசன் கூட்டுல ஆரம்பிச்சது, ஜனதாவுல இருக்கிறது அவங்களோட பாராஷாக் வகை. கடையில இன்காப்ளாக்னு வேற வகை ஸ்பிரிங்கை நீட்டினா வாங்கிட்டு வந்துராதீங்க, உட்காராது.

தொண்டிக்காரன்:
முந்நூறு ரூபாய் கொடுத்தா பஸ் ஸ்டாண்டு வாட்ச் கடைக்காரர் முடிச்சுத் தரப்போறார். இதுக்குப் பத்து நாளா?

கீழக்கரை காக்கா:
தம்பி டீசல், அரண்மனை சொல்ற எண்ணெய் விஷயம் சரிதான். ஆனா நீங்க போறபோக்குல ஒண்ணு சொல்லிட்டுப் போயிருக்கீங்க, ஸ்பீக்கர் காந்தம்னு. அங்கதான் வினை.

ஜனதா மணிக்கு 18,000 தட்டு தட்டும், நொடிக்கு அஞ்சு. நாலு நிமிஷம் முந்துதுன்னா 1,200 தட்டு கூடுதல். இது ரெகுலேட்டர்ல அடங்குற கணக்கு இல்ல. திருகுல ஏறின காந்தம் ட்வீசருக்கு வந்து, அதுலேருந்து ஹேர் ஸ்பிரிங்குக்கு ஏறியிருக்கும். சுருள் ஒட்டிக்கிட்டா ஸ்பிரிங் நீளம் குறைஞ்ச மாதிரிதான், ஆட்டம் வேகமாகும். துபாய்ல பத்தொன்பது வருஷம் வாட்ச் மேசையில உட்கார்ந்தவன் நான், போன் பக்கத்துல வச்சே இப்படி ஆக்கிக்கிட்டு வருவாங்க.

படகு காம்பஸ் ஏதாவது இருந்தா வாட்சைப் பக்கத்துல கொண்டுபோங்க. வெறும் இரும்பா இருந்தா முள்ளோட ரெண்டு முனையையும் இழுக்கும். ஒரு முனையைத் தள்ளிச்சுன்னா காந்தம் ஏறியிருக்கு. டூல்ஸையும் அப்படியே பாருங்க.

மேசை நெஞ்சு உயரத்துக்கு வரணும். தையல் மிஷின் மேசை தாழ்வு, குனிஞ்சா கை நடுங்கும். கைலி முனையை மேசை விளிம்புல குத்தி மடியில விரிச்சுக்குங்க, விழுறது மடியிலயே நிக்கும். ஃபேன் கூடாது, கச்சான்ல தெக்குப் பக்க ஜன்னலும் கூடாது. பாதி வேலையில எழுந்தா கண்ணாடி டம்ளரைக் கவுத்துட்டு எழுந்திரிங்க. வேர்த்த விரல் பட்ட இடம் நம்ம ஊர் உப்புக்காத்துக்கு மறுநாளே துரு, விரல் உறை போட்டுக்குங்க.

பாம்பன் டீசல்:
காக்கா, கையெடுத்துக் கும்பிடுறேன். ஜிபிஎஸ் வந்ததுலேருந்து பரண்ல கிடந்த காம்பஸை இறக்கினேன். வாட்சைக் காட்டினதும் முள் விலகி ஓடுது. ட்வீசர் அதுக்கு மேல, 0.8 ஸ்க்ரூடிரைவர் நுனியிலயே திருகு ஒட்டிக்கிட்டு வருது. நான் அதை வசதின்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்!

நேத்து ராம்நாடு போய் அரண்மனைத் தம்பிகிட்ட இருந்த, காந்தத்தை இறக்குற கரண்ட் காயில்ல காட்டினோம். பட்டனை அமுக்கிக்கிட்டே வாட்சை ஒரு கை தூரம் மெதுவா இழுத்து, அப்புறம்தான் பட்டனை விடணுமாம். முதல் தடவை அவசரத்துல பக்கத்துலயே விட்டுட்டேன், ரெண்டாம் தடவை சரியா வந்துச்சு. ரெகுலேட்டரை நடுவுக்குக் கொண்டாந்தாச்சு, இப்ப ஒரு நாளைக்கு நாப்பது செகண்ட் முந்துது. எண்ணெயை மறுபடி கழுவி எடுக்கணும்.

தொண்டி அண்ணே, பத்து நாளும் வேற வேலை இல்ல.

இன்னொண்ணு. தேதி மாத்துற கிரவுன் தண்டு துருப்பிடிச்சு, நகம் கடிச்ச மாதிரி தேஞ்சிருக்கு. தண்டு மட்டும் தனியா கிடைக்குமா?

கீழக்கரை காக்கா:
ஜனதாவுக்குத் தேதியே கிடையாது, தம்பி! மணி வைக்கிறப்ப இழுக்கிற தண்டைத்தானே சொல்றீங்க? கிடைக்கும். நீளமா வரும், பழசை அளவு வச்சு வெட்டிக்கணும், அதனால பழசைத் தூக்கிப் போட்டுராதீங்க. கிரவுனுக்குள்ள இருக்கிற ரப்பரையும் மாத்துங்க, உப்பு உள்ள போன வழி அதுதான்.