அமல்படுத்தாத சட்டத்தை மீறினால் அது மீறல்தானா?

கேள்வி (லெனேசியா வாசகர்):
1980களின் தொடக்கத்தில் என் பெற்றோர் ஜோகன்னஸ்பர்க்கின் மேஃபேர் பகுதியில் குடியிருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டப்படி அது வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்ட இடம் என்பதால், வாடகை ஒப்பந்தமும் மின்கட்டணச் சீட்டும் அறிமுகமான வெள்ளையர் ஒருவரின் பெயரிலேயே இருந்தன. காவலர் யாரும் வந்து விசாரித்ததில்லை. "யாரும் வழக்கே போடாதபோது நாம் எந்தச் சட்டத்தை மீறினோம்?" என்கிறார் பெரியப்பா. மீறித்தான் வாழ்ந்தோம் என்பதில் அம்மாவுக்குப் பெருமை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (டர்பன், சட்டம் படித்தவர்):
உங்கள் அம்மா சொல்வதே சரி. வழக்குத் தொடுப்பதும் விடுவதும் அரசின் விருப்பம். ஒரு செயல் குற்றமா என்பது சட்டத்தின் வாசகத்தைப் பொறுத்தது. நம் நாட்டுப் பொதுச் சட்டத்துக்கு அடிப்படையான ரோமன்-டச்சு முறையில், நெடுங்காலம் கைவிடப்பட்ட பழைய விதி தானாகவே காலாவதியாகிவிடும் என்பது உண்மைதான். பிறன்மனை நாடுதல் இனிக் குற்றமாகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1914இல் தீர்ப்பளித்தது அந்த வழியில்தான். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கோ அது பொருந்தாது. அதை முறைப்படி நீக்கியாக வேண்டும். 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் 1991இல்தான் நீக்கப்பட்டது.

இடையில் காவலர் வராமற்போனதற்குப் பெருங்காரணம் 1982ஆம் ஆண்டின் கோவேந்தர் வழக்கு. அச்சட்டத்தின்கீழ் குற்றம் உறுதியானாலும் குடியிருப்பவரை வெளியேற்ற உத்தரவிட்டே தீர வேண்டியதில்லை, மாற்று வீடு கிடைக்குமா என்பதையும் ஆராய வேண்டும் என்றார் நீதிபதி ரிச்சர்ட் கோல்ட்ஸ்டோன். அதன்பின் இவ்வகை வழக்குகள் ஏறக்குறைய நின்றுபோயின. ஆனால் அங்கே ரத்தானது வெளியேற்றும் ஆணை. குற்றத் தீர்ப்பு அன்று.

பதில் (ஃபோர்ட்ஸ்பர்க் வாசி):
வழக்கு இல்லை என்பதால் சட்டம் சும்மா கிடந்தது என்று எண்ண வேண்டாம். எங்கள் கட்டடத்தில் கூரை ஒழுகியபோது வாளி வைத்துப் பிடித்தோமே தவிர, எங்கும் புகார் செய்யவில்லை. வாடகையை ஏற்றினாலும் வாய் திறக்க முடியாது; "வேண்டுமானால் காவல் நிலையத்துக்குப் போங்கள்" என்பார் வீட்டுக்காரர். அரசு கையில் எடுக்காத பிரம்பை அவர் எடுத்துக்கொண்டார்.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்):
உங்கள் பெரியப்பாவிடம் 1913ஆம் ஆண்டைப் பற்றிக் கேளுங்கள். காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையில் முன்பு வாழ்ந்த பெண்கள், பெரும்பாலும் தமிழர், அனுமதிச்சீட்டு இல்லாமல் மாகாண எல்லையைக் கடந்தார்கள். உரிமம் இல்லாமல் தெருவில் பொருள் விற்றார்கள். காவலர்கள் வேண்டுமென்றே கண்டுகொள்ளவில்லை. பிறகு அவர்கள் நியூகாசிலுக்குப் போய்ச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்ததும், மூன்று மாதச் சிறை விதித்தது அரசு. மீறலைப் பார்க்காதிருப்பதும் அரசின் ஒரு தந்திரம். பார்க்கவில்லை என்பதால் மீறலே இல்லை என்றாகிவிடுமா?

கேள்வி கேட்டவர்:
நன்றி. பெரியப்பா இப்போது வேறொன்று கேட்கிறார்: வீட்டுக்காரர் மட்டும் சட்டத்தை மதித்தவரா?

பதில் (டர்பன், சட்டம் படித்தவர்):
இல்லை ஐயா. குடியிருந்தவரைப் போலவே, குடியிருக்க அனுமதித்தவரையும் அச்சட்டம் குற்றவாளியாகவே கருதியது. அந்தப் பிரிவைக் குடியிருந்தவர்கள் யாரும் அவரிடம் எடுத்துக்காட்டத் துணியவில்லை.